ரோஹித்ரமும் ரிப்பன் மைக்கும்

மும்பையை அடுத்த அம்பர்நாத்தில் ஒரு தெரு இருண்டுவிட்டால் அதற்கு மூன்று பெயரில் காரணம் சொல்வார்கள். நம்மவர்கள் டிரான்ஸ்பார்மர் போச்சு என்பார்கள். கிராமத்திலிருந்து வந்து குடியேறிய மராத்திக்காரர் 'டீபி' எரிந்துவிட்டது என்பார். மின்சாரம் தரும் மகாவிதரண் நிறுவனமோ மராத்தி அறிவிப்புகளில் 'ரோஹித்ர' என்று எழுதும். மும்பைக்குள் தாராவி, மாட்டுங்கா தமிழர்களுக்கு மின்சாரம் பெஸ்ட் நிறுவனத்திலிருந்து வருகிறது. ரோஹித்ர என்ற சொல் அவர்கள் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை.

ரோஹித்ர என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். 'ருஹ்' என்றால் ஏறுதல். 'இத்ர' கருவியைக் குறிக்கும் விகுதி. தர்ப்பையில் முடிந்து விரலில் போடுகிறோமே, பவித்திரம், அதிலும் இதே விகுதிதான்: தூய்மை செய்யும் கருவி. அப்படியானால் ரோஹித்ரம் ஏற்றும் கருவி. ஆனால் தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் பெட்டி மின்னழுத்தத்தை ஏற்றுவதில்லை. 11,000 வோல்ட்டை வாங்கி 433 வோல்ட்டாக இறக்கித் தருவதுதான் அதன் வேலை. இறக்குகிற கருவிக்கு ஏற்றுகிற பெயர்!

ஆங்கிலப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஃபாரடே 1831இலேயே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிக் காட்டிவிட்டார், ஆனால் பெயர் வைக்கவில்லை. 1880களில் கோலார்டும் கிப்ஸும் அதை 'இரண்டாம் நிலை ஜெனரேட்டர்' என்று விற்றார்கள். 1885இல் புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் சிப்பெர்னோவ்ஸ்கி, தேரி, பிளாத்தி மூவரும் மூடிய இரும்பு உள்ளகத்தோடு அதைச் செய்தபோதுதான் 'டிரான்ஸ்பார்மர்' என்ற பெயர் வந்தது. வைத்தவர் ஓட்டோ பிளாத்தி. உருமாற்றுவது என்று பொருள். ஏற்றமா இறக்கமா என்று பெயர் சொல்லாது. தமிழ்நாட்டின் 'மின்மாற்றி'யும் இலங்கைப் பாடநூல்களின் 'நிலைமாற்றி'யும் அதே வழியில் வந்தவை. திசையைச் சொல்ல வேண்டுமென்றால் ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றி என்று முன்னொட்டுப் போட்டாக வேண்டும்.

இந்த முன்னொட்டு பெட்டிக்கு உரியதல்ல, அதை இணைக்கும் விதத்துக்கு உரியது. வீட்டில் ரிப்பன் மைக் செய்கிறவர்களுக்கு இது உடனே புரியும். ரிப்பன் மைக்கை 1924இல் உருவாக்கியவர்கள் ஜெர்மனியின் ஷாட்கியும் கெர்லாக்கும். காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 2 மைக்ரான் தடிப்பில், மடிப்பு மடிப்பாக ஓர் அலுமினிய நாடா தொங்கும். குரல் பட்டு அது அசைந்தால் நுண்ணிய மின்னழுத்தம் பிறக்கும். நாடாவின் தடை 0.2 ஓம் அளவுதான். ஆம்ப்ளிபயரோ 200, 300 ஓம் மைக்கை எதிர்பார்த்து நிற்கிறது. நடுவில் ஒரு மின்மாற்றி இல்லாமல் இவை இரண்டும் ஒத்துப்போகா. 1:37 என்ற விகிதத்தில் சுற்றினால் மின்னழுத்தம் 37 மடங்கு ஏறும். தடை 37இன் வர்க்கம், அதாவது 1369 மடங்கு ஏறி, 0.2 ஓம் சுமார் 274 ஓமாகத் தெரியும்.

230 வோல்ட்டை 6 வோல்ட்டாக்கும் சாதாரண மின்மாற்றியைத் திருப்பிப் போட்டால் 38 மடங்கு கிடைக்குமே என்று பலருக்குத் தோன்றும். கணக்கு சரி. கடையில் இறக்கு மின்மாற்றியாக வாங்கியது வீட்டில் ஏற்று மின்மாற்றியாகிவிடும். ஆனால் சின்ன மின்மாற்றியின் 6 வோல்ட் சுருளுக்கே ஓர் ஓமுக்கு மேல் தடை இருக்கலாம். நாடாவின் தடையைப்போல் பல மடங்கு! குரலில் பெரும்பகுதி அந்தக் கம்பியிலேயே தேய்ந்துபோகும், இரைச்சல்தான் மிஞ்சும். மறுபக்கம் 230 வோல்ட் சுருளின் ஆயிரக்கணக்கான சுற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கெபாசிட்டர்போல நடந்து 'ஸ', 'ச' ஒலிகளின் கூர்மையை மழுக்கும். போதாக்குறைக்கு, பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். மைக்குக்கென்றே சுற்றிய மின்மாற்றியில் நாடாவோடு இணையும் பிரைமரி சுருளில் தடித்த கம்பியின் சில சுற்றுகளே இருக்கும். உள்ளகம் நிக்கல் கலந்த மு-மெட்டல். சுற்றிலும் அதே உலோகத்தில் மூடி. விலை அதிகம்தான், ஆனால் அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது.

ஜெர்மானியர்கள் எந்த மின்மாற்றி என்ற குழப்பத்தைச் சொல்லிலேயே தீர்த்துவிட்டார்கள். மின்சக்திக்கு 'டிரான்ஸ்பர்மாட்டோர்', ஒலிக்கும் தந்திக்கும் 'ஊபர்டிராகர்', அதாவது கடத்திக் கொடுப்பது. கம்பத்துப் பெட்டியும் மைக்குக்குள் இருக்கும் விரல்நுனிப் பெட்டியும் அவர்கள் பேச்சில் வேறு வேறு. நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லை. 'மின்னேற்றி' என்று வைக்கலாமென்றால் அதை போன் சார்ஜர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

ஆக, ரோஹித்ர என்ற பெயர் கம்பத்துக்குப் பொருந்தவில்லை. ரிப்பன் மைக்குக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, அங்கே நடப்பது மின்னழுத்த ஏற்றம்தான். பெயர் வைத்தவர்கள் மைக்கை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மும்பை லாமிங்டன் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: 'மைக் டிரான்ஸ்பார்மர்' என்று மட்டும் கேட்காதீர்கள், சாதாரண மைக்குக்கான 1:10 எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 1:30க்கும் 1:37க்கும் இடையே விகிதம், பிரைமரியின் தடை நாடாவின் தடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.