குருடாகிப் போன துப்பாக்கி

போன கோடையில் பிரான்சிலிருந்து வந்த மாப்பிள்ளை, தான் இளவயதில் ஆடிய சேகா ட்ரீம்காஸ்டைப் பேரனுக்காகக் கொண்டுவந்தார். விளையாட்டு 'தி ஹவுஸ் ஆஃப் தி டெட் 2'. எழுந்து வரும் பிணங்களைச் சுட வேண்டும். 1998இல் காசு போட்டு ஆடும் கூடங்களுக்கு வந்தது, மறு ஆண்டே வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் தட்டை டிவியில் மாட்டினோம். படம் தெரிந்தது, ஒரு பிணமும் விழவில்லை. பேரன் அழாத குறை.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லையாம். வெளிச்சம்தான் உள்ளே போகிறது. பழைய டிவியில் எலெக்ட்ரான் கற்றை வரி வரியாக, மேலிருந்து கீழே ஓடிப் படம் வரையும். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் வெளுக்கும். குழலுக்குள் உள்ள ஒளியுணரி, கற்றை தன் எதிரே கடக்கும் நேரத்தைப் பிடிக்கும். அதை வைத்துக் குறி எங்கே என்று பெட்டி கணக்குப் போடும். தட்டைத் திரையில் அந்தக் கற்றையே கிடையாது. (1972இல் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் ஒடிஸிக்கு வந்த துப்பாக்கி இன்னும் அப்பாவி, மின்விளக்கைச் சுட்டாலும் பட்டதாக எடுத்துக்கொள்ளும்!)

எங்கள் பழைய டிவியைக் காயலான் கடைக்குப் போட்டவன் நான்தான். மனைவி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

இதே விளையாட்டை சேகா 'தி டைப்பிங் ஆஃப் தி டெட்' என்றும் மாற்றி வெளியிட்டது, ட்ரீம்காஸ்டுக்கு 2000இல். திரையில் வரும் சொல்லைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்தால் பிணம் விழும். அதற்கு எந்த டிவியும் போதும். அடுத்த முறை அதைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முப்பது வருஷம் ஆபீசில் தட்டிய விரல்கள், பேரனிடம் தோற்குமா பார்ப்போம்.