காயின் தரம் யார் கணக்கில்? திருக்கழுக்குன்றம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வாதமும்

திருக்கழுக்குன்றத்துச் சுற்றுவட்டாரக் காய்கறிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற பக்கத்து ஊர்க் கடைகள். மற்றது, ஏறத்தாழ 70 கி.மீ. தள்ளியிருக்கும் கோயம்பேடு, கொத்தவால்சாவடியிலிருந்து 1996-இல் இடம்பெயர்ந்த மொத்தச் சந்தை. ஒரே செடியில் பறித்த காய் ஓரிடத்தில் முதல் ரகம், இன்னோரிடத்தில் கழிவு. உழவர், வியாபாரி, வாங்குபவர் மூவருக்கும் இடையிலுள்ள இந்தத் தகராறு அடிப்படையில் கால அளவு பற்றியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. மூவர் பார்வை

2.1 உழவர். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்ப்புக்கு வரும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஒரு பறிப்புத் தவறினால் நார் ஏறிவிடும். ஆனால் பிஞ்சில் பறித்தால் எடை நிற்காது, பறிக்கும் கூலியோ அதேதான். தனிக் காயின் அழகைவிட எத்தனை பறிப்பு, எவ்வளவு சொத்தை என்பதே அவர் பார்ப்பது. அவர் கணக்கு ஒரு பருவத்துக்கானது.

2.2 வியாபாரி. இவருக்கு இருப்பது ஓர் இரவு. நள்ளிரவில் இறங்கிய சரக்கு விடிவதற்குள் கைமாற வேண்டும். ஆகவே ஒரே அளவு, ஒரே நிறம், அடிபடாத தோல். நாட்டுத் தக்காளி ரசத்துக்கு ஏற்ற புளிப்புள்ளது. தோல் மெலிது என்பதால் பெட்டியில் நசுங்கும். தோல் கெட்டியான ஹைப்ரிட் தக்காளி சந்தையைப் பிடித்ததற்கு அதன் ருசி காரணமில்லை.

2.3 வாங்குபவர். ஒரு வேளைச் சமையல் இவர் கணக்கு. வெண்டை நுனியை ஒடித்துப் பார்ப்பார். "ஒடிக்காதீங்கம்மா" என்று கடைக்காரர் கத்துவதிலும் நியாயம் உண்டு. ஒடித்த காயை அடுத்தவர் தொடமாட்டார். கத்திரியில் புழுத் துளை இருந்தால் ஒதுக்குவார், மருந்தில்லாத காய் வேண்டும் என்றும் அவரே கேட்பார்.

3. கண்ணுக்கு எட்டாத தரம்

பார்த்தே அறியும் தரம், உண்டபின் அறியும் தரம் என 1970-இல் பொருளியலாளர் பிலிப் நெல்சன் பிரித்தார். உண்ட பிறகும் அறிய முடியாத மூன்றாவதை 1973-இல் டார்பியும் கார்னியும் சேர்த்தனர். வெண்டையின் முற்றல் முதல்வகை, கத்திரியின் கசப்பு இரண்டாம்வகை, பூச்சிமருந்தின் எச்சம் மூன்றாம்வகை. மருந்தடித்துவிட்டு உரிய நாள் காத்திருந்து பறித்தவருக்கும், மறுநாளே பறித்தவருக்கும் மண்டியில் ஒரே விலை. காத்திருந்தவரின் காய் இதற்குள் கொஞ்சம் முற்றியிருந்தால் விலை குறையவும் கூடும்!

தெரியாத இடத்தில் அச்சம் விலை வைக்கும். 2025 கோடையில் தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியதும் செங்கல்பட்டு மாவட்டம் உட்படப் பல இடங்களில் விலை சரிந்தது. அடி விழுந்தது விளைவித்தவர் மேல்.

4. அளவுகோல்கள்

1937-ஆம் ஆண்டு விளைபொருள் தரம்பிரிப்புச் சட்டத்தின் வழிவந்த அக்மார்க் வகுப்புகள் பெரும்பாலும் அளவு, வடிவம், வடு ஆகியவற்றையே பார்க்கின்றன. அது வியாபாரியின் கண். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தையோ விளைவித்தவரையும் உண்பவரையும் எதிரெதிரே நிறுத்தியது. அங்கே துளைக்குக் காரணம் சொல்ல ஆள் இருக்கிறார். அங்குள்ள விலைப் பலகையில் பறித்த நாளையும் கடைசியாக மருந்தடித்த நாளையும் எழுதவைக்க அரசு ஆவன செய்ய வேண்டும்.