முயலுக்குக் காயடிக்கலாமா? எங்க வீட்டுப் பஞ்சாயத்தும் கொஞ்சம் வரலாறும்

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பதிவு. வெடி, பட்டாசு, பாறை ஓவியம்னு எழுதிட்டிருந்தவன் முயல் பக்கம் போயிட்டானேன்னு சிரிக்காதீங்க. மேட்டர் சீரியஸ்.

பொண்ணு அடம் பிடிச்சான்னு சந்தையில ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கிட்டு வந்தேன். "ரெண்டும் பொட்டைதான் அண்ணாச்சி, பயப்படாதீங்க"ன்னு விற்றவர் சூடம் அடிக்காத குறையா சொன்னார். ஒன்றரை மாசத்துல பெட்டிக்குள்ள ஆறு குட்டி! கண்ணு திறக்காம, முடியில்லாம, ரோஸ் கலர்ல. அக்கம்பக்கத்துல நாலு கொடுத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஈடு. முயலுக்கு சினைக்காலம் சுமார் 31 நாள். ஈன்ற அன்னைக்கே மறுபடியும் சினை பிடிக்கும். பெண் முயலுக்கு முட்டை வெளிவர மாசக் கணக்கெல்லாம் கிடையாது, ஆண் சேர்ந்தாலே போதும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வேர்த்திடுச்சு.

"காயடிச்சிரலாம்"னு நான் சொன்னதும் ஆரம்பிச்சது பஞ்சாயத்து. வாயில்லா ஜீவனை அறுக்கிறதான்னு பொண்ணு ஒரே அழுகை.

அட, நம்ம கரிசக்காட்டுக்கு இது என்ன புதுசா? காளைக்கன்னு பல்லு போட்டதும் காயடிச்சாத்தான் ஏருக்கும் வண்டிக்கும் அடங்கும். பருத்தியும் மிளகாயும் விருதுநகர் சந்தைக்கு வண்டி வண்டியா வந்ததெல்லாம் காயடிச்ச மாட்டு முதுகுலதான். கெடாவுக்கு அடிச்சா கறியில வீச்சம் வராது. எங்க தாத்தா காலத்துல மாட்டைப் படுக்கப் போட்டு, ரெண்டு கட்டைக்கு நடுவுல விதைநரம்பை வச்சு நசுக்குவாங்களாம். மாடு கத்துற சத்தம் ஊருக்கே கேட்குமாம். அப்புறம் இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல பர்டிசோன்னு ஒரு இத்தாலிக்கார மாட்டு டாக்டர் ஒரு இடுக்கி செஞ்சார். தோல் கிழியாது, ரத்தம் வராது, உள்ளே நரம்பு மட்டும் நசுங்கும். கால்நடை ஆஸ்பத்திரியில இன்னிக்கும் அந்த இடுக்கியைப் பார்க்கலாம்.

1960ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் காயடிக்கிறதைத் தடுக்கலை. விதிப்படி செஞ்சா அது வதை ஆகாதுன்னு சொல்லிடுச்சு. அந்தச் சட்டத்துக்கு மூல காரணம் நம்ம ருக்மிணி தேவி அருண்டேல். ஆமாங்க, கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியேதான். மாநிலங்களவையில அவங்க தனிநபர் மசோதா கொண்டு வந்ததுல ஆரம்பிச்ச கதை அது. 1962ல உருவான விலங்குகள் நல வாரியத்துக்கும் அவங்கதான் முதல் தலைவர்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அதுவரைக்கும் காயடிச்சதெல்லாம் மனுசனோட லாபத்துக்கு. உழைக்கணும், கறி ருசிக்கணும். மிருகத்தைக் கொல்லாம விடுறதுக்காகக் கருத்தடைங்கிற யோசனை வேற. அது நம்ம மெட்ராஸ்ல பெருசாப் பேசப்பட்டது. கேப்டன் சுந்தரம் 1959ல ஆரம்பிச்ச ப்ளூ கிராஸ், 1964லயே தெருநாயைப் பிடிச்சுக் கொல்றதை விட்டுட்டுக் கருத்தடை பண்ணுங்கன்னு சொன்னது. மாநகராட்சி காதுல விழ 32 வருசம் ஆச்சு! 1996லதான் சென்னையில ஏத்துக்கிட்டாங்க. 2001ல நாடு முழுக்க விதி வந்தது, 2023ல அதை மாத்தி எழுதினாங்க. 2025 ஆகஸ்ட்ல டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்துல அடைங்கன்னு சுப்ரீம் கோர்ட் ஒரு உத்தரவு போட்டு, ரெண்டு வாரத்துக்குள்ள அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்துல விடுங்க, வெறிநாயையும் கடிக்கிற நாயையும் மட்டும் விடாதீங்கன்னு சொன்னதும் ஞாபகம் இருக்கும்.

(இதுல ஒரு வேடிக்கை. நம்ம மாவட்டத்து ராஜபாளையம் நாய்க்கு 2005ல தபால்தலையே போட்டாங்க. அதுக்கு இனவிருத்தி பண்ண ஆளாப் பறக்கிறாங்க, தெருநாய்க்குக் கருத்தடை. சிப்பிப்பாறை நாயைக் கூட்டிட்டுக் காட்டுமுயல் பிடிச்ச கதைகள் எங்க தெருப் பெரியவங்ககிட்ட நிறைய உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்துக்கு அப்புறம் அதெல்லாம் குத்தம், முயற்சி பண்ணிடாதீங்க.)

அந்தக் காட்டுமுயலும் எங்க வீட்டு முயலும் ஒண்ணில்லை. காட்டுமுயல் குட்டி முடியோட, கண்ணு திறந்து பிறக்கும். இது ஐரோப்பாக்காரன் வளர்த்த வேற ஜாதி. கொடைக்கானல் மேல்மலையில மன்னவனூர் ஆட்டுப்பண்ணைக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க, ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லான்னு கூண்டு கூண்டா. இதைக் கட்டுப்பாடில்லாம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1859ல தாமஸ் ஆஸ்டின்னு ஒருத்தர் வேட்டையாட ஆசைப்பட்டு இங்கிலாந்துல இருந்து ரெண்டு டஜன் முயல் இறக்குமதி பண்ணினார். 1907க்குள்ள ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல வேலி போட்டும் நிக்கலை. 1950ல கோடிக்கணக்கான முயலைக் கொல்ல நோய்க்கிருமியைப் பரப்பினாங்க.

சரி, எங்க வீட்டுக்கு வருவோம். டாக்டர் நேர்மையா சொன்னார்: "நான் மாடும் ஆடும் நூத்துக்கணக்குல பார்த்தாச்சு. முயலுக்கு மயக்க மருந்து கொடுக்கிறதுதான் பயம்." நானும் தேடிப் படிச்சேன். இங்கிலாந்துல 2008ல வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுல, மயக்க மருந்து கொடுத்த நாய்கள்ல இறந்தது 0.17 சதவீதம், பூனை 0.24, முயல் 1.39. நாயை விட எட்டு மடங்கு! இன்னொண்ணு, முயலால வாந்தி எடுக்க முடியாது. அதனால நாய் மாதிரி ராத்திரியே பட்டினி போடக் கூடாது. ஆபரேஷன் முடிஞ்சு சீக்கிரம் தின்ன ஆரம்பிக்கலைன்னா குடல் நின்னு போயிடும்.

அப்போ விட்டுறலாமான்னா, பெண் முயலுக்கு வயசானா கர்ப்பப்பைல புத்துநோய் வர்றது சகஜம். 1940கள்லயே அமெரிக்க ஆராய்ச்சிக்கூட முயல்கள்ல பார்த்து எழுதி வச்சிருக்காங்க. ஆணுக்கு ஆபரேஷன் சின்னது, பொட்டைக்கு வயித்தைத் திறக்கணும். ஆணுக்கு மட்டும் பண்ணினா குட்டி நிக்கும், பொட்டையோட நோய் பயம் அப்படியே இருக்கும்.

"பொட்டைக்கே பண்ணிருவோம், ரெண்டு பிரச்சினையும் தீரும்"னு நான் முடிவா சொன்னேன். அதுவரை திண்ணையில அருகம்புல் ஆய்ஞ்சுக்கிட்டிருந்த அம்மா நிமிர்ந்தாங்க.

"மூணாவதா உன் தங்கச்சி பிறந்த நாலாம் நாள் எனக்குப் பண்ணினாங்க. உங்கப்பாவுக்குப் பண்ணினா சின்ன வேலைதான்னு அந்த நர்ஸம்மா சொல்லத்தான் செஞ்சா. யாரு கேட்டா? எனக்கு ஒரு வருசம் குனிய முடியலை. இந்தக் குட்டி முயலுக்கு இவ்ளோ யோசிக்கிறியே, நல்லாரு."

எனக்கு வாயே வரலை. அம்மா சொன்னது ஒரு வீட்டுக் கதை இல்லை. 1950கள்லயே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு முப்பது ரூபாய் கொடுத்த மாநிலம் மெட்ராஸ். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல கருத்தடை ஆபரேஷன் பண்ணின பெண்கள் சுமார் 58 சதவீதம். ஆண்கள் பக்கம் ஒரு சதவீதம் கூட இல்லை.

ஆணுக்குத்தான் பண்ணினோம். காலையில புல்லு தின்னுட்டு ஆஸ்பத்திரி போனவன் சாயங்காலமே கொத்தமல்லித் தழையை மென்னான். டாக்டர் ஆறு வாரம் தனிக்கூண்டுன்னு சொல்லியிருக்கார், உள்ளே மிச்சம் இருக்குமாம். பொட்டைக்கு, திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரியில காட்டிக் கேட்டுட்டு வரலாம்னு இருக்கேன். தீபாவளி முடியட்டும். எங்க ஊர்ல அந்த வாரம் பூரா வெடிச்சத்தத்துக்கு ரெண்டும் மூலையில ஒடுங்கி நடுங்கிட்டு இருக்கும், அதுல தையல் வேற வேண்டாம்.

அம்மா இப்போ அருகம்புல்லை ரெண்டு பங்கா வைக்கிறாங்க. பொட்டைக்குக் கொஞ்சம் கூட.