குரலா, அறையா?

பேச்சுப் பயிற்சியாளராக எனக்குக் காதுதான் மூலதனம். வந்தவரை உட்காரவைத்து, மூச்சு உள்ள மட்டும் 'ஆ...' என்று இழுக்கச் சொல்வேன். கரகரப்பா, காற்றுக் கசிகிறதா என்று கேட்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

குரல்நாண்களைக் கண்ணால் பார்க்க வழிகாட்டியவர் மருத்துவரே அல்ல. மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். 1854இல் பல் மருத்துவரின் சின்னக் கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் விட்டு, வெயிலைத் திருப்பிப் பார்த்தார். 1981இல் ஜப்பானிய மருத்துவர் ஹிரானோவின் புத்தகம், காதின் தீர்ப்புக்கு 0 முதல் 3 வரை அளவுகோல் தந்தது.

பிறகு கணினி. பாஸ்டனின் கண்-காது மருத்துவமனையின் குரல் பதிவுகள் 1994இல் குறுந்தகடாக வந்தன. நோயுற்ற குரலைக் கண்டறிய ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்தே நிரல்களைப் பழக்கினார்கள், மதிப்பெண்ணும் அள்ளினார்கள். ஆனால் பாருங்கள், நோயுற்ற குரல்கள் ஓரிடத்திலும் நல்ல குரல்கள் இன்னோரிடத்திலும் பதிவானவை. நோயாளியின் 'ஆ' சுமார் 1 நொடி, மற்றவருடையது 3 நொடி. இயந்திரம் கண்டுபிடித்தது நோயையா, அறையையா? இதைக் கேட்காமலே எத்தனை கட்டுரைகள் வெளியாகிவிட்டன!

ஜெர்மனியின் சார்ப்ரூக்கன் குரல் தொகுப்பு பெரிது: 2,000 பேருக்கு மேல், ஆ, ஈ, ஊ மூன்றும், ஏற்ற இறக்கத்தோடு, கூடவே நலம் விசாரிக்கும் ஒரு வாக்கியம். அதில் சோதித்தபோது பல நிரல்களின் மதிப்பெண் சரிந்தது. எனக்கு ஆச்சரியமில்லை.