பத்துச்சீட்டும் பாதையோரமும்

மாத்தளையைப் பற்றிப் பேசப் புகும் எவரும் முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களில் தொடங்குவதே வழக்கம். நானோ அந்தக் கோயில்வரை வந்து சேராமற் போனவர்களிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

கண்டிச்சீமைக்கெனப் புறப்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக 100 மைலுக்கு மேல் காட்டுப்பாதையில் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் காய்ச்சல், வாந்திபேதி, பட்டினி. நடக்கமாட்டாதவரை மரநிழலில் இருத்திவிட்டுக் கூட்டம் நகர்ந்துவிடும். 1841 முதல் 1848 வரை 70,000 தொழிலாளர் மாண்டனர் என்று 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' எழுதியது. அத்தொகை மிகையானது என்று வாதிட்ட ஆய்வாளர் உண்டு. பாதையோரத்தில் மனிதர் கைவிடப்பட்டதை மறுத்தவர் இலர்.

அக்கணக்குத் தொடங்கும் 1841ஆம் ஆண்டிலேதான் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் பிறந்தது. ஒன்றுக்காக மற்றொன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நடக்கவைத்த ஓர் அரசு, தொழிலும் தங்குமிடமுமின்றித் தெருவில் நிற்பதைக் குற்றமாக எழுதிவைத்தது நினைவில் வைக்கத்தக்கது. 1873இல் சித்தம் கலங்கியோருக்கான சட்டமும், 1907இல் வீடற்றோரைத் தடுத்துவைக்கும் இல்லங்களுக்கான சட்டமும் வந்தன. இடமில்லாதவனுக்கு இந்தச் சட்டங்கள் காட்டிய இடமெல்லாம் பூட்டுள்ள இடமே.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவனுக்கு லயத்தில் ஒரு காம்பரா கிடைத்தது. அதைப் பலரும் வீடு என்றே எழுதிவிடுகிறார்கள். அது வீடன்று, வேலையின் ஒரு பகுதி. பெரட்டுக்களத்தில் பெயர் இருக்கும்வரை கூரை இருக்கும். பத்துச்சீட்டுக் கொடுத்துவிட்டால் வேலை போகும். வேலையோடு காம்பராவும் போகும். இந்த ஏற்பாட்டில் உளநோயாளியின் கதி என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். கை முறிந்தவனை நாலு பேர் பார்த்து இரங்குவர். மனம் முறிந்தவனோ வேலைக்கு வராத சோம்பேறி. அல்லது முனி பிடித்தவன். கோடாங்கி வந்து உடுக்கடிப்பார், பூசை நடக்கும். அதை நான் இகழமாட்டேன். அந்த ஓரிரவாவது லயமே அவனைச் சுற்றி அமர்ந்திருந்தது. அதற்கப்பால் இருந்தது 1926இல் திறக்கப்பட்ட அங்கொடை வைத்தியசாலை. மாத்தளைத் தோட்டத்தானுக்கு அது தூரதேசம். அங்கே அவன் மொழியிற் பேசுவோரும் அரிது. 'அங்கொடைக்கு அனுப்பு' என்பது இன்றும் நம் ஊர்களில் ஒரு வசைமொழியாக வாழ்கிறது.

தனியொருவனுக்கு நேர்ந்தது ஒரு கூட்டத்துக்கே நேர்ந்த காலமும் உண்டு. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணியை 50 ஏக்கராக மட்டுப்படுத்தியது. நோக்கம் குறைசொல்லத் தக்கதன்று. ஆனால் கண்டி, மாத்தளைப் பகுதிகளில் தோட்டங்கள் கைமாறியபோது தமிழ்த் தொழிலாளர் பலர் வெளியேற்றப்பட்டனர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரசாவுரிமை இழந்தோருக்குக் காணிப் பங்கீட்டில் இடமும் இல்லை. 1973, 74இல் உணவுப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. மலையக நகரங்களின் கடைவாசல்களில் மூட்டை முடிச்சுகளுடன் குடும்பங்கள் படுத்திருந்தன. சிலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயினர், சிலர் கப்பலேறினர், எங்கும் போகாமல் தெருவிலேயே தனித்துப்போனவர்களும் இருந்தனர். மாத்தளைக் கடைத்தெருவில் ஒரு மூதாட்டி நாளெல்லாம் கொழுந்து கிள்ளுவதுபோல் வெறுங்காற்றில் விரல்களை அசைத்துக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். நாங்கள் அவளைப் 'பைத்தியம்' என்றோம். அவள் எந்தத் தோட்டம் என்று யாரும் கேட்கவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தமது நாவலொன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தார். உழைத்து உண்டாக்கிய மண்ணில் தனக்கென ஒரு வாசற்படி இல்லாத நிலைக்கு இதனினும் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. நமது விமர்சகர்கள் அதைத் தொழிற்சங்கக் கண்கொண்டே படித்தார்கள். உளமருத்துவம் பயில்வோரும் அதைப் படிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

2004இன் கடற்கோளுக்குப் பின், 2005இல் வகுக்கப்பட்ட உளநலக் கொள்கை சிகிச்சையைப் பெருமருத்துவமனையிலிருந்து மாவட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டுசெல்ல முனைந்தது. நல்ல முயற்சி. இடர்ப்பாடு வேறிடத்தில் இருக்கிறது. மாதந்தோறும் மருந்தெடுத்துக்கொண்டு மலையேறும் தாதி, அடுத்த மாதமும் அதே ஆளை அதே இடத்திற் காணவேண்டுமே! லயத்து வாசிகளுக்கோ நெடுங்காலம் சரியான விலாசங்கூட இல்லை. தோட்டங்களுக்குப் பிரதேச சபைகள் சேவை செய்யத் தடையாயிருந்த சட்டவிதி 2018இலேயே திருத்தப்பட்டது.

இவ்விடயத்தில் அக்கரைத் தமிழகத்தைப் பார்க்கலாம். 2001 ஓகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியிட்டுக் கட்டப்பட்டிருந்த 28 உளநோயாளர் தீயிற் கருகி மாண்டது அங்கேதான். 1993இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' என்ற அமைப்பும் அங்கேயே உள்ளது. தெருவில் அலைந்த பெண்களை அது முதலில் காப்பகத்தில் சேர்த்தது. சுகமாகியும் போக்கிடமற்றுக் காப்பகத்திலேயே கிடந்தோருக்காக 2015இல் வேறொரு வழி கண்டது. ஊருக்குள் சாதாரண வீடுகளை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேரைச் சேர்ந்து வாழச்செய்து, உதவிக்கு ஓர் ஆளையும் வைத்தது. பூட்டு இல்லை. சமையல், சந்தை, அயல்வீட்டுச் சண்டை, திருவிழா எல்லாம் உண்டு. நோய் முற்றாக மாறிய பின்னரே வீடு என்று அவர்கள் காத்திருக்கவில்லை. குணமாவதற்கே வீடு தேவை என்று கொண்டார்கள்.

நம் மாவட்டத்தில் 2023 ஓகஸ்டில் எல்கடுவ, ரத்வத்தைத் தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிகக் குடிலைத் தோட்ட அதிகாரி ஒருவர் அடித்து நொறுக்கியதை நாடே காணொளியிற் கண்டது. அமைச்சர் நேரில் சென்றார், பாராளுமன்றத்திலும் பேசப்பட்டது. சட்டவிரோதக் கட்டடம் என்றார்கள். பலகையும் தகரமும் சிதறிய அந்த முற்றத்தில் நின்ற பிள்ளைகள் அன்றிரவு எப்படி உறங்கினார்கள் என்று கேட்டு எழுதிய செய்தியை நான் எங்கும் படிக்கவில்லை.