ஈஷரின் செங்கல் வாயில்

இலண்டன் மாநகருக்குத் தென்மேற்கே, சரே மாவட்டத்தில், மோல் ஆற்றங்கரையில் ஈஷர் என்னும் ஊர் உள்ளது. அங்கே ஓர் அரண்மனையின் வாயில் நிற்கிறது, அரண்மனைதான் இல்லை. நடுவே நுழைவாயில், இருமருங்கும் எண்கோண மாடங்கள், முழுவதும் செங்கல். வேயின்பிளீட் கோபுரம் என்பது அதன் பெயர்.

1447 முதல் 1486இல் மறையும் வரை வின்செஸ்டர் ஆயராக விளங்கிய வில்லியம் வேயின்பிளீட், 15ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இதனைக் கட்டுவித்தார். ஆக்ஸ்போர்டில் 1458இல் மாட்லின் கல்லூரியை நிறுவிய பெருமகனாரும் இவரே. அந்நாளில் செங்கல் ஏழையின் பொருளன்று. உரோமானியர் அகன்றபின் இங்கிலாந்தில் ஏறக்குறைய மறைந்துபோன அத்தொழில், கடல்கடந்த நெதர்லாந்துப் பகுதிகளின் தொடர்பால் மீண்டும் தழைத்தது. செல்வர் விரும்பும் புதுமையாயிற்று. சூளையில் நெருப்பை ஒட்டி அடுக்கிய கற்களின் முகம் கடுஞ்சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் கறுத்துவிடும். அவற்றைக் கழிவென ஒதுக்காமல் சிவந்த சுவரிலே பதித்து, சாய்சதுரக் கோலங்களை வரைந்தனர் கொத்தர். உள்ளே சுழன்றேறும் படிக்கட்டின் வளைகூரையும் செங்கல்லே. கட்டடக் கலைஞர் இன்றும் வியந்து போற்றுவது, வெளி முகப்பைவிட இப்படிக்கட்டையே ஆகும்.

1529இல் எட்டாம் ஹென்றியின் சினத்துக்கு ஆளாகிப் பதவியிழந்த கார்டினல் உல்சி இங்குதான் வந்து தங்கினார். படுக்கைவிரிப்புக்கும் உண்கலத்துக்கும்கூடத் தட்டுப்பாடு என்று அவருடைய பணியாளர் கேவன்டிஷ் எழுதிவைத்துள்ளார். அங்கே உல்சி புதிதாக அமைத்திருந்த நெடுங்கூடத்தையும் மன்னன் பெயர்த்தெடுத்து வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுசென்றான். அரசச் சினம் மரத்தையும் கல்லையும்கூட விடவில்லை!

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1729இல், பின்னாளில் தலைமையமைச்சரான ஹென்றி பெல்ஹாம் இம்மனையை வாங்கினார். அவர் அழைத்தது வில்லியம் கென்ட் என்னும் கலைஞரை. கென்ட் இத்தாலியில் பத்தாண்டுகள் பயின்றவர். உரோமானியப் பாணியில் தோய்ந்தவர். அத்தகையவர் பழைய வாயிலை இடித்துவிட்டு வெண்தூண் மாளிகை எழுப்பியிருந்தால் வியப்பில்லை. அவர் அவ்வாறு செய்யவில்லை. 1730களில் வாயிலையே வீட்டின் நடுப்பகுதியாக்கி, இருபுறமும் சிறகுபோல் கட்டடங்களைச் சேர்த்தார். நான்கிதழ்ப் பூ வடிவச் சாளரங்களும், உட்குவிந்து வெளிவளைந்து கூம்பும் வளைவுடைய முகமண்டபமும் அவர் தந்தவை. வேயின்பிளீட் காலத்தைத் தம் கற்பனையால் கண்டு, கோதிக் பாணியிலேயே பேசினார் எனலாம்.

இங்கேதான் பார்ப்போர் ஏமாறுகின்றனர். கண்ணுக்கு மிகப் பழமையாய்த் தோன்றும் அச்சாளரங்களும் முகமண்டபமும் 18ஆம் நூற்றாண்டின் வேலை. ஆரவாரமற்ற செங்கற்சுவரும் உள்ளே மறைந்த படிக்கட்டுமே ஆயரின் காலத்தவை. கென்ட்டின் வேலையைப் போலி என்று தள்ளுவதும் பொருந்தாது. உண்மையான இடைக்காலக் கொத்தன் அவ்வளவு மென்மையாக, விளையாட்டாகச் சாளரம் வைத்திருக்கமாட்டான். அந்த மென்மையே கென்ட்டின் கையெழுத்து. கோதிக் பாணி இங்கிலாந்தில் மறுமலர்ச்சி பெற்ற வரலாற்றில் ஈஷருக்குத் தொடக்கநிலை இடம் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனை கைமாறியது. புதிய உரிமையாளர் மேட்டுநிலத்தில் வேறு மாளிகை எழுப்பினார். கென்ட் சேர்த்த சிறகுகள் இடிக்கப்பட்டன. அவர் புதிதாகக் கட்டியது போயிற்று. பழைய வாயிலின் மேல் அவர் ஒட்டவைத்த சாளரங்களும் முகமண்டபமும், அதன் துணையால் இன்றும் நிலைத்துள்ளன.