மறைக்காமல் போடும் சேர்விஸ்

மேசைப்பந்தில் வேகமான சேர்விஸ் என்றால் பந்தை மறைத்து அடிப்பதுதான் என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது.

1937இல் ஒஸ்திரியாவின் பாடன் நகரில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் அமெரிக்க வீரர்கள் பந்தை விரல்களால் சுழற்றிவிட்டு சேர்விஸ் போட்டார்கள். எதிராளிகள் திணறினார்கள். பின்னர் அது தடைசெய்யப்பட்டது. இன்று பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்தே எறிய வேண்டும். 1980களில் மட்டையின் இரு பக்கமும் ஒரே நிற ரப்பர் ஒட்டி ஏமாற்றுவது நின்றது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்றானது. 2002இல் உடம்பாலோ கையாலோ பந்தை மறைப்பதும் தடையானது.

இத்தனைக்குப் பிறகும் வேகமான சேர்விஸ் பிழைத்திருக்கிறது. அதன் பலம் மறைப்பில் இல்லை, பந்து விழும் இடத்தில் இருக்கிறது.

பந்தைக் குறைந்தது 16 சென்றிமீற்றர் மேலே எறிந்து, அது வலையின் உயரத்துக்கு இறங்கியதும் அடிக்க வேண்டும். முதல் துள்ளல் நம் பக்க விளிம்பருகே விழட்டும். அப்போதுதான் 2.74 மீற்றர் மேசையின் முழு நீளமும் பந்துக்குக் கிடைக்கும். வேகமாக அடித்தாலும் வெளியே போகாது.

பெற்றோரே, பயிற்றுநர்களே, போட்டியில் நடுவர் புள்ளியை எடுத்த பிறகு பிள்ளையைத் திருத்துவது கஷ்டம். முதல் நாளிலேயே சரியாகப் பழக்குவோம்.